களனி நீரும் கண்ணாடித் தொட்டியும்: கொழும்பு மாணவர் அறையில் ஒரு வரலாறு

கொழும்பிலே கல்வி கற்கும் மாணவர் ஒருவர் தமது விடுதி அறையின் ஒரு மூலையில் இரண்டடி நீளமான கண்ணாடித் தொட்டியொன்றை வைத்து, அதில் நீர் நிரப்பிச் சில சிறு மீன்களை விடுவாராயின், அதனைப் பொழுதுபோக்கு என்றே எவருங் கூறுவர். வரலாற்று மாணவரின் கவனத்துக்கு உரிய பொருளாக அதனைக் கருதுவோர் மிகச் சிலரே. ஆயினும் அத்தொட்டியின் கண்ணாடி, அதனுள் வேரூன்றி நிற்கும் செடி, அதில் நீந்தும் மீன், குழாய் வழியே வந்த நீர் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒரு வரலாறு உண்டு. ஐரோப்பியக் கைத்தொழிற் புரட்சியும், காலனித்துவ ஆட்சியும், துறைமுக வணிகமும், சுதந்திரத்துக்குப் பிற்பட்ட பொருளாதார மாற்றங்களும் அங்கே ஒன்றாகக் கூடுகின்றன. அவ்வரலாறுகளை வேறுபடுத்தி நோக்குவதும், இலங்கையின் நன்னீர் மீன்கள் இலங்கையரின் கண்ணுக்கு எவ்வாறு அயலாயின என்பதை ஆராய்வதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்ணாடியின் வருகை

மீன்களை அழகுக்காக வளர்த்தல் மிகப் பழைய வழக்கமாகும். சீனாவிலே சொங் வம்சத்தினர் ஆண்ட காலத்தில் பொன்மீன்கள் குளங்களில் வளர்க்கப்பட்டன. பிற்காலத்தில் மட்பாண்டங்களிலும் பீங்கான் கலங்களிலும் அவை இடம்பெற்றன. தமிழகத்துக் கோயிற் குளங்களிலும் ஈழத்துக் கேணிகளிலும் மீனுக்குப் பொரி இடும் வழக்கம் இன்றும் உண்டு. இவை யாவற்றிலும் ஒரு பொதுப் பண்பு காணப்படுகின்றது: மனிதன் மீனை மேலிருந்து நோக்கினான். மேலிருந்து நோக்குவோனுக்கு மீனின் கரிய முதுகே பெரிதுந் தெரியும். பக்கவாட்டிலிருந்து நோக்கும்போதே அதன் நிறமும் செதிலின் ஒளியும் துடுப்பின் அசைவும் முழுமையாகப் புலப்படும். இப்புதிய பார்வையைத் தந்தது கண்ணாடியாகும்.

பிரித்தானியாவிற் கண்ணாடி மீது விதிக்கப்பட்டிருந்த வரி 1845இல் நீக்கப்பட்டது. அதுவரை செல்வர் வீட்டுப் பொருளாயிருந்த பெருங் கண்ணாடித் தகடு அதன்பின் நடுத்தர வகுப்பினருக்கும் எட்டுவதாயிற்று. இதே காலப்பகுதியில் இரசாயனவியலாளரான றொபேட் வொறிங்டன், கண்ணாடிக் கலமொன்றிலே இரு பொன்மீன்களையும் வலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியையும் நத்தைகளையும் ஒன்றாக வைத்து ஆராய்ந்து, தம் முடிவுகளை 1850இல் வெளியிட்டார். மீன் வெளிவிடும் காபனீரொட்சைட்டைச் செடி பயன்படுத்துகின்றது. செடி வெளிவிடும் ஒட்சிசன் மீனுக்கு உதவுகின்றது. அழுகும் இலையை நத்தை உண்கின்றது. உயிர்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இச்சமநிலை பற்றிய கருத்தே பின்வந்த மீன்தொட்டிகளுக்கு அடிப்படையாயிற்று. 1853இல் இலண்டன் விலங்கியற் பூங்காவில் மீனகம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் பிலிப் ஹென்றி கொஸ் எழுதிய நூல், கண்ணாடித் தொட்டியை ஆங்கில இல்லங்களின் வரவேற்பறைகளுக்குக் கொண்டு சென்றது.

இந்த வழக்கம் ஆட்சியாளரோடு தென்னாசியாவுக்கும் வந்தது. சென்னை அரும்பொருட் காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தேர்ஸ்டனின் முயற்சியின் பயனாக, 1909இல் மெரினாக் கடற்கரையில் மீனகம் ஒன்று திறக்கப்பட்டது. தமிழ் மக்களுட் பெருந்தொகையினர் கண்ணாடிக்குப் பின்னால் உயிருள்ள மீனை முதன்முதலாகக் கண்டது அங்கேயே எனலாம். இரண்டாம் உலகப் போரின்போது அது மூடப்பட்டது.

காட்சியகமும் விலங்கு வணிகமும்

கொழும்பிலே மீன் பற்றிய அறிவு முதலில் அரும்பொருட் காட்சியகத்தைச் சார்ந்தே வளர்ந்தது. 1877இல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலை, 1903 முதல் ‘ஸ்பொலியா சீலனிக்கா’ என்னும் ஆய்விதழை வெளியிட்டது. இலங்கையின் உயிரினங்களை இலங்கையிலிருந்தே விவரிக்கும் வாய்ப்பை இவ்விதழ் உருவாக்கியது. அதற்கு முன்னர் இந்நாட்டு மீன்கள் மதுசாரத்தில் ஊறவைக்கப்பட்டு ஐரோப்பாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அங்குள்ள அறிஞர்கள் அவற்றுக்குப் பெயரிட்டனர்.

உயிருள்ள விலங்குகளும் இதே வழியிற் சென்றன. ஹம்பேர்க் நகரத்தின் புகழ்பெற்ற விலங்கு வணிகரான கார்ல் ஹாகன்பெக்கின் மாற்றாந்தாய்ச் சகோதரர் ஜோன் ஹாகன்பெக் கொழும்பைத் தளமாகக் கொண்டு யானை முதலிய விலங்குகளை ஐரோப்பிய விலங்குக் காட்சிச்சாலைகளுக்கு அனுப்பிவந்தார். 1920களின் இறுதியில் அவர் தெகிவளையில் அமைத்த விலங்குத் தோட்டம், ஏற்றுமதிக்கு முன் விலங்குகளைத் தங்கவைக்கும் இடமாகவும் பொதுமக்கள் பார்வையிடும் இடமாகவும் விளங்கியது. அந்நிறுவனம் 1936இல் முறிவுற்றதும் அரசாங்கம் அதனைப் பொறுப்பேற்றது. தெகிவளை மிருகக்காட்சிச்சாலையின் தோற்றம் இதுவே. பிற்காலத்தில் அங்கு அமைக்கப்பட்ட மீனகத்தின் முன் நின்று வியந்த பள்ளிச் சிறுவர் பரம்பரைகள் பல.

இச்செய்தி ஓர் உண்மையை உணர்த்துகின்றது. கொழும்பு மக்கள் தம் நாட்டு விலங்குகளைக் காட்சிப் பொருளாகக் காண்பதற்குப் பயன்பட்ட நிலையம், முதலில் அவ்விலங்குகளை வெளியேற்றுவதற்காகவே எழுந்ததாகும். தேயிலையும் இறப்பரும் காரீயமும் சென்ற துறைமுகத்தினூடாகவே யானையும் சிறுத்தையும் சென்றன. அவற்றின் பின்னே, தகரக் கலங்களில் அடைக்கப்பட்டு, ஒரு விரலளவான மீன்களும் சென்றன. 1930களில் சிறிய அளவில் தொடங்கிய அலங்கார மீன் ஏற்றுமதி, பெருவணிகத்தின் நிழலில் வளர்ந்த சிறுவணிகமாகும்.

பெயர்களில் உறையும் வரலாறு

இலங்கைக்கே உரிய நன்னீர் மீன்களுட் பெரும்பாலானவை தென்மேற்கு ஈரவலயத்தில், களனி, களு, ஜின், நில்வளா ஆகிய கங்கைகளின் படுகைகளில் வாழ்கின்றன. காடு கவிந்த, சருகு படிந்த, மென்மையான நீர் ஓடும் சிற்றோடைகளே அவற்றின் உறைவிடம். இம்மீன்களின் பெயர்களை ஆராயுமிடத்து, வெவ்வேறு காலத்தவரும் வெவ்வேறு நோக்கினரும் அவற்றை எவ்வாறு கண்டனர் என்பது தெளிவாகும்.

முதலாவது அடுக்கு கிராமத்தவர் இட்ட பெயர்களாகும். ஓடையிற் காணப்படும் ஒரு கெண்டையினத்தின் ஆண், இனப்பெருக்கக் காலத்திலே தலையும் உடலின் முற்பகுதியும் செந்நிறமாக மாறும். சிங்களக் கிராமத்தவர் அதனை ‘புலத் ஹப்பயா’ என்றனர். ‘வெற்றிலை சப்புவோன்’ என்பது அதன் பொருள். வெற்றிலை போட்டுச் சிவந்த வாயை அறிந்தவர்க்கு இப்பெயரின் பொருத்தம் உடனே விளங்கும். மற்றொரு சிறு மீனின் ஒளிரும் நிறம் ஹல் மரத்தின் பூவை நினைவூட்டியதால் அது ‘ஹல் மல் தண்டியா’ எனப்பட்டது. இப்பெயர்கள் நாளாந்த வாழ்க்கையிலிருந்தும் சுற்றியிருந்த காட்டிலிருந்தும் பிறந்தவை.

இரண்டாவது அடுக்கு அறிவியற் பெயர்களாகும். பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்த அல்பேர்ட் குந்தர், ‘வெற்றிலை சப்புவோனை’ 1868இல் நிக்ரோபசியாற்றஸ் என விவரித்தார். ‘கரும்பட்டைகளை உடையது’ என்பது அச்சொல்லின் பொருள். இங்கே கருதத்தக்க ஒரு வேறுபாடு உண்டு. மதுசாரத்தில் ஊறிய மீன் தன் செந்நிறத்தை இழந்துவிடும். கரும்பட்டை மாத்திரம் எஞ்சும். கிராமத்தவன் உயிருள்ள மீனைக் கண்டு சிவப்பைப் பெயரிட்டான். தூரத்து அறிஞரின் மேசைக்குச் சென்ற பெயர் கறுப்பைப் பேசியது.

இந்நிலை 20ஆம் நூற்றாண்டில் மாறத் தொடங்கியது. பி. ஈ. பீ. தெரணியகல, 1929இல் ஒரு சிறு செந்நிறக் கெண்டையை விவரித்து, சிங்கள வழக்கிலிருந்தே ‘தித்தெயா’ என்னும் பெயரை அதற்கு அளித்தார். 1930இல் ‘ஹல் மல் தண்டியா’வுக்கு அவர் இட்ட அறிவியற் பெயரும் ‘ஹல் மரப் பூ’ என்னும் பொருளையே இலத்தீனில் உரைத்தது. 1937இல் அவர் நிறுவிய ஒரு பேரினத்தின் பெயர் ‘மல்புளுத்தா’ என்னும் சிங்களச் சொல்லேயாகும். நாட்டவர் ஒருவர் அறிவியலின் மொழியைக் கையாளும் நிலையை அடைந்ததும் கிராமத்தவரின் சொல் உலக அறிவியலில் இடம்பெற்றது. தேசிய உணர்வு வளர்ந்துவந்த காலத்தோடு இதனை ஒப்பிட்டு நோக்குதல் பொருத்தமானதாகும்.

மூன்றாவது அடுக்கு வணிகர் இட்ட பெயர்களாகும். 1930களின் நடுப்பகுதியில் ஐரோப்பியத் தொட்டிகளை அடைந்த இம்மீன்களுள் ‘தித்தெயா’ செரிப் பழத்தின் பெயராலும், ‘வெற்றிலை சப்புவோன்’ கருமாணிக்கத்தின் பெயராலும் விற்கப்பட்டன. ஐரோப்பியரின் பழக்கடைக்கும் நகைக்கடைக்கும் உரிய சொற்கள் இவை. வெற்றிலை மாணிக்கமாக மாறிய இப்பயணத்திலேயே ஓர் உயிரினம் விற்பனைப் பண்டமாக மாறிய வரலாறு அடங்கியுள்ளது.

தமிழில் இவற்றுக்குத் தனிப்பெயர்கள் வழக்கில் நிலைபெறவில்லை. அயிரை, கெண்டை, கெளிறு, வரால், வாளை என மீன்களைப் பழங்காலந் தொட்டே பகுத்தறிந்த மொழி தமிழாகும். ஆயினும் ஈழத்திலே தமிழ் மக்களின் தொன்மையான குடியிருப்புகள் வறண்ட வலயத்தின் குளங்களையும் களப்புகளையும் கடலையும் சார்ந்தனவாயிருந்தன. ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வருபவர்க்குச் சிங்கராசக் காட்டின் ஓடைமீன் புதியதே. பெயரின்மை மொழியின் வறுமையினால் ஏற்பட்டதன்று, புவியியலின் விளைவாகும். எனினும் கொழும்பிலே பல தலைமுறையாகத் தமிழர் வாழும் இக்காலத்தில், களனிப் படுகையின் மீனைத் தமிழில் எவ்வாறு அழைப்பது என்ற வினாவுக்கு விடை தேடவேண்டிய பொறுப்பு தமிழ் கற்போருக்கு உண்டு.

போனதும் வந்ததும்

கொழும்பின் மீன் கடைகளிலே மிகுதியாகக் காணப்படுவது கப்பி என்னும் மீனாகும். இதன் தாயகம் தென்னமெரிக்காவின் வடபகுதியும் அதனை அடுத்த தீவுகளுமாகும். திரினிடாட்டிலிருந்து மாதிரிகளை அனுப்பிய றொபேட் கப்பி என்பவரின் நினைவாக 1866இல் இம்மீனுக்கு ஒரு பெயர் இடப்பட்டது. அப்பெயரை இட்டவரும் அதே அல்பேர்ட் குந்தரேயாவார். 1859இலேயே வேறோர் அறிஞர் இதனை விவரித்திருந்தமையால் குந்தரின் பெயர் அறிவியலில் நிலைக்கவில்லை. மக்கள் வழக்கில் நிலைத்துவிட்டது. திரினிடாட்டின் கப்பியும் இலங்கையின் வெற்றிலை சப்புவோனும் இரண்டாண்டு இடைவெளியில் ஒரே அறிஞரின் ஆய்வுக்கு உட்பட்டமை, பேரரசின் கைகள் எவ்வளவு தூரம் நீண்டிருந்தன என்பதைக் காட்டுகின்றது.

இலங்கைக்குக் கப்பி வந்தமைக்கு நுளம்பு ஒழிப்பும் ஒரு காரணமாகும். 1934, 1935ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 80,000 பேரைப் பலிகொண்ட மலேரியாக் கொள்ளைநோய் இந்நாட்டில் நுளம்பு பற்றிய அச்சத்தை ஆழப் பதித்தது. நுளம்புப் புழுவைத் தின்னும் மீன்கள் கிணறுகளிலும் தேங்குநீரிலும் விடப்பட்டன. கொழும்பின் கான்களிலும் கால்வாய்களிலும் இன்று கப்பிகள் நீந்துகின்றன. அழுக்குநீரிலும் உயிர்வாழும் ஆற்றலும், முட்டையிடாது குஞ்சு ஈனும் இயல்பும் அதனை நகரத்து மீனாக்கின.

1950களில் விமானப் போக்குவரத்து வளர்ந்தபோது மீன் ஏற்றுமதியின் தன்மையும் மாறியது. கப்பலிற் பல வாரம் செல்லவேண்டிய மீன், ஒட்சிசன் நிரப்பிய பொலித்தீன் பையில் ஓரிரு நாளிற் சென்றடைந்தது. இறப்பு குறைந்தது, இலாபம் பெருகியது. 1977இல் மேற்கொள்ளப்பட்ட திறந்த பொருளாதாரக் கொள்கையும் ஏற்றுமதி முயற்சிகளுக்கு ஊக்கமளித்தது. ஓடையிற் பிடித்த மீன்களோடு பண்ணைகளில் இனம்பெருக்கிய வெளிநாட்டு மீன்களும் ஏற்றுமதியாயின. காலப்போக்கில் இலங்கை வெளிநாட்டுக்கு அனுப்பும் நன்னீர் அலங்கார மீன்களுட் கப்பியே முதன்மை பெற்றது. தென்னமெரிக்க மீன் இலங்கையில் வளர்ந்து ஐரோப்பாவுக்குச் செல்கின்றது; இலங்கை ஓடையின் மீனோ ஐரோப்பிய வளர்ப்போரின் ஏடுகளிற் புகழ்பெற்று நிற்கின்றது; கொழும்பு மாணவர் அதனை அறியார். தேயிலை விளையும் நாட்டில் நல்ல தேயிலை கப்பலேறிவிட, எஞ்சிய தூள் உள்ளூர்க் கடைக்கு வரும் என்று மக்கள் குறைப்படுவதுண்டு. மீனின் வரலாறும் அக்குறையை ஒத்ததாகவே உள்ளது.

செடிகளின் கதையும் இதனின்று வேறுபட்டதன்று. உலகெங்கும் மீன்தொட்டிகளை அழகுசெய்யும் கிரிப்டோகொரினே என்னும் நீர்ச்செடியின் பல இனங்கள் இலங்கைக்கே உரியன. பேராதனைத் தாவரத் தோட்டத்தின் பணிப்பாளராயிருந்த ஹென்றி டிரைமன் 1885இல் ஓரினத்தை வெளியிட்டார். இன்று மிகப் பரவலாக வளர்க்கப்படும் மற்றோர் இனத்துக்கு ஒல்லாந்த அறிஞர் டி விற் 1958இல் இட்ட பெயர், அல்பேர்ட் வென்ட் என்னும் ஜேர்மானிய மீன்தொட்டி ஆர்வலரை நினைவுகூர்கின்றது. இலங்கை ஓடையின் செடி ஒரு ஜேர்மானியரின் பெயரைச் சுமக்கின்றது.

வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும்

இனி, மாணவரின் அறைக்கு வரலாம். 1905இல் வடபகுதிக்கான புகையிரதப் பாதை காங்கேசன்துறையை எட்டியபின், அரசாங்க உத்தியோகம் நாடியும் கல்வி நாடியும் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்தோரின் தொகை பெருகியது. பலர் ஒன்றுகூடிச் செலவைப் பகிர்ந்து வாழ்ந்த ‘சமறி’களும், வீட்டோடு சேர்ந்த வாடகை அறைகளும் வெள்ளவத்தையின் அடையாளங்களாயின. வடகிழக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்த மாணவர்க்கு இவை இன்றுவரை புகலிடங்களாக உள்ளன. துறைமுகத்தை அண்டிய கொட்டாஞ்சேனை, வணிகரும் தொழிலாளரும் பல மதத்தினரும் நெருங்கி வாழும் பழைய நகர்ப்பகுதியாகும். அதற்கு வடக்கே முகத்துவாரத்தில் களனி கங்கை கடலிற் கலக்கின்றது.

இத்தகைய அறையிலே தொட்டி அமைப்பதற்கு இயற்கை ஒரு சலுகை வழங்கியுள்ளது. ஐரோப்பியர் தம் தொட்டியைச் சூடாக்க மின்கருவி வைக்கவேண்டும். கொழும்பின் சராசரி வெப்பநிலையோ ஏறத்தாழ 27 பாகை செல்சியசு ஆகும். வெப்பமூட்டி இங்கு வேண்டியதில்லை. ஆனால் இச்சலுகைக்கு ஒரு விலையும் உண்டு. 15 பாகையில் ஒரு லீற்றர் நீர் ஏறத்தாழ 10 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கக்கூடும். 28 பாகையில் அது 8 மில்லிகிராமிலுங் குறைந்துவிடும். ஆகவே கொழும்பின் தொட்டியில் மீனின் தொகையைக் குறைத்தே வைத்தல் வேண்டும். இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமுங் கொண்ட தொட்டி ஏறத்தாழ 57 லீற்றர் நீர் கொள்ளும். நீரின் நிறை மாத்திரம் 57 கிலோகிராம் ஆதலால், எழுதும் மேசை அதனைத் தாங்காது. சுவரோரத்தில் உறுதியான பீடம் தேவை.

முற்காலத்திலே இரும்புச் சட்டத்தினுட் கண்ணாடியைப் பொருத்திக் களிம்பிட்டே தொட்டி செய்தனர். சட்டம் துருப்பிடிக்கும், களிம்பு வெடிக்கும். 1960கள் முதல் சிலிக்கன் பசை வழக்குக்கு வந்ததும், ஐந்து கண்ணாடித் துண்டுகளை ஒட்டியே தொட்டியை அமைக்க முடிந்தது. மாணவர் கைக்குத் தொட்டி எட்டியமைக்கு இப்பசையும் ஒரு காரணமாகும்.

அடுத்தது நீர். 1880களில் களனிப் படுகையிலுள்ள லபுகமவில் அமைக்கப்பட்ட நீர்த்தேக்கத்திலிருந்து கொழும்புக்குக் குழாய்நீர் வரத் தொடங்கியது. நகரம் பெருகியபின் அம்பத்தலையிலே களனி கங்கையின் நீர் எடுக்கப்பட்டுச் சுத்திகரிக்கப்பட்டு வழங்கப்படுகின்றது. எனவே கொழும்பின் குழாயைத் திறப்பவர் பெரும்பாலும் களனியின் நீரையே பெறுகின்றார். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் கிணற்றின் வன்னீரைக் குடித்து வளர்ந்த மாணவர்க்கு இம்மென்னீர் புதிது. களனி ஓடையின் கெண்டைக்கோ இதுவே பிறந்தகத்து நீர். இடையிற் சேர்ந்த குளோரீன் மாத்திரமே மீனுக்குப் பகை. நீரை அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் அது பெரும்பாலும் நீங்கும். புகைப்படக்காரர் பயன்படுத்திய ஹைப்போவிற் சிறிதளவும் அதனை அகற்றும்.

பொறுமையற்றவர் தோல்வியடைவது இதற்கு அடுத்த படியிலாகும். நீர் தெளிந்தவுடன் மீனை நிறைய விடுவோரின் தொட்டியிற் சில நாளிலேயே மீன்கள் மிதக்கக் காணலாம். மீனின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகின்றது. ஒருவகைப் பற்றீரியா அதனை நைத்திரைற்றாக மாற்றும். மற்றொரு வகை நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றும். முன்னவை இரண்டும் நஞ்சு, பின்னது சிறிதளவில் தீங்கற்றது, செடிக்கு உணவுமாகும். இப்பற்றீரியாக்கள் மணலிலும் கல்லிலும் பெருகி நிலைகொள்ள மூன்று முதல் ஆறு வாரம் வரை செல்லும். அக்காலத்தில் செடிகளை நட்டு, ஓரிரு மீன்களுடன் காத்திருத்தலே முறை. பின்னர் வாரந்தோறும் நீரின் ஐந்தில் ஒரு பங்கை மாற்றிவந்தாற் போதும். வொறிங்டன் தமது கலத்திற் கண்ட சமநிலைக்குக் கண்ணுக்குத் தெரியாத இவ்வுயிர்களும் துணைநின்றன என்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே துலக்கமாயிற்று.

காற்றடிக்கும் மோட்டாரை மாத்திரம் நம்புவோருக்கு அண்மைக்கால வரலாறு ஒரு பாடம் கற்பித்தது. 2022இன் பொருளாதார நெருக்கடியின்போது மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டது. மீன் நெருங்கிய தொட்டி அத்தகைய வேளையில் மூச்சுத்திணறும். செடி செறிந்து மீன் குறைந்த தொட்டி மின்சாரமின்றியும் தாங்கும். 1850இன் பழைய முறை 2022இல் மீண்டும் பொருளுடையதாயிற்று.

நகர்த்த முடியாத உடைமை

மீன்தொட்டி பற்றிய மற்றோர் உண்மையும் நோக்கத்தக்கது. நூலையும் உடையையும் ஒரு பெட்டியில் அடக்கிக்கொண்டு புறப்படலாம். தொட்டியை அவ்வாறு எடுத்துச்செல்ல இயலாது. நாளையும் இதே அறையில் இருப்போம் என்ற நம்பிக்கையுடையவனே மீன் வளர்ப்பான். ஆறு வாரம் காத்திருக்கும் பொறுமைக்கு அடியில் அந்நம்பிக்கை உள்ளது.

வெள்ளவத்தையினதும் கொட்டாஞ்சேனையினதும் தமிழர்க்கு இந்நம்பிக்கை எப்போதும் உறுதியாக வாய்த்ததில்லை. 1958இலும் 1983 ஜூலையிலும் நிகழ்ந்த வன்செயல்களின்போது பலர் உடுத்த உடையோடு வீட்டைவிட்டு வெளியேறினர். முகாம்களிலே தங்கியபின் கப்பலேறி வடக்கே சென்றனர். அவர்கள் விட்டுச்சென்ற நூல்களைப் பற்றியும் வீடுகளைப் பற்றியும் எழுதப்பட்டுள்ளது. உணவிட ஆளின்றி நின்ற சிற்றுயிர்களைப் பற்றி எழுதியவர் அரியர். நாகரிகத்தின் அளவுகோல்களுள் ஒன்று, ஒரு மனிதன் தன்னை நம்பிய சிற்றுயிரைப் பேணும் அளவுக்கு ஓரிடத்தில் அமைதியாக வாழ முடிகின்றதா என்பதாகும். அவ்வகையில் வாடகை அறையின் மீன்தொட்டி சமாதானத்தின் சிறு சான்றாகும்.

வளர்ப்போரின் பொறுப்பு

ஓடைமீன்களின் நிலை இன்று கவலைக்குரியது. காடழிப்பு, தோட்டங்களிலிருந்து கழுவிவரும் இரசாயனங்கள், மணல் அகழ்வு, அளவுமீறிய பிடிப்பு ஆகியன அவற்றின் வாழிடத்தைச் சுருக்கிவருகின்றன. 1980களின் முற்பகுதியில் ஆய்வாளர்கள் சில இனங்களைக் காக்கும் நோக்குடன் மகாவலிப் படுகையின் ஓடைகளுக்கு அவற்றை மாற்றிவிட்டுப் பார்த்தனர். றொஹான் பெத்தியாகொட 1991இல் வெளியிட்ட நூல் இந்நாட்டு நன்னீர் மீன்களை நிறப்படங்களுடன் மக்கள் முன் வைத்தது. அவ்வாண்டிலேயே அறிவியலுக்கு அறிமுகமான ‘பந்துல’ என்னும் கெண்டை, கலப்பிட்டமடவின் ஒரேயொரு ஓடையில் மாத்திரம் வாழ்வதாக அறியப்பட்டது. ஓர் ஓடை வற்றினால் ஓரினமே மறையும் என்பதற்கு இதனிலும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1993இல் திருத்தப்பட்டபோது நன்னீர் மீன்கள் சிலவும் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றன.

மறுபுறத்தே, தொட்டியிலிருந்து வெளியேறிய மீன்களும் கேடு விளைக்கின்றன. தென்கிழக்காசியக் கத்திமீன் அலங்கார மீனாக வந்து, பொல்கொடை ஏரி முதலிய நீர்நிலைகளிற் பரவிவிட்டது. ‘டாங்க் கிளீனர்’ என்று கடைக்காரர் விற்கும் தென்னமெரிக்கக் கெளிற்றினமும் இந்நாட்டு நீரில் நிலைபெற்றுள்ளது. வளர்ந்து பெருத்த மீனைக் கொல்ல மனமின்றிக் கால்வாயில் விடுவோர் இரக்கம் செய்வதாகவே எண்ணுகின்றனர். அவ்விரக்கம் ஓடையிலுள்ள நூறு சிறு மீன்களுக்குக் கொடுமையாக முடிகின்றது. வெள்ளவத்தைக் கால்வாயைக் குப்பைத்தொட்டியாகவோ மீன்களின் விடுதலைக்களமாகவோ கொள்ளுதல் தகாது.

ஆகவே மீன் வளர்க்க விரும்பும் மாணவர் கடைப்பிடிக்கத்தக்கவை சிலவே. ஓடையிற் பிடித்த மீனை விலக்கி, பண்ணையில் இனம்பெருக்கிய மீனைக் கேட்டு வாங்குதல் வேண்டும். ‘தித்தெயா’ இதற்கு ஏற்றதாகும். ஐந்து சென்ரிமீற்றருக்கு மேல் வளராத அம்மீன், இரண்டடித் தொட்டியில் எட்டுப் பத்தாக அமைதியாக வாழும், செடிகளிடையே முட்டையிடும். பெற்ற மீனே முட்டையைத் தின்னும் ஆதலின், செடி செறிந்திருந்தாற் குஞ்சுகள் தப்பும். விடுமுறைக்கு ஊர் செல்லுமுன் தொட்டியை ஏற்கும் நண்பரை ஒழுங்குசெய்தலும், எக்காரணம் பற்றியும் மீனை வெளிநீரில் விடாமையும் கட்டாயமான கடமைகளாகும்.

இதுகாறும் நோக்கியவற்றால் ஒன்று தெளிவாகின்றது. இலங்கையின் ஓடைமீன் முதலில் கிராமத்தவரின் சொல்லில் வாழ்ந்தது. பின் பேரரசின் அறிவியலுக்கும் ஐரோப்பிய வணிகத்துக்கும் உரியதாயிற்று. நாட்டவரான அறிஞர்களால் ஓரளவு மீட்கப்பட்டது. எஞ்சிய மீட்பு பொதுமக்களின் அறிவிலே நிகழவேண்டியதாகும். கொழும்பின் குழாய் வழியே வரும் களனி நீரில், களனிப் படுகையிலே தோன்றிய ஒரு செங்கெண்டையை, அதன் பெயரையும் ஊரையும் அறிந்து பேணும் மாணவர், அந்நீர் எங்கிருந்து வருகின்றது, அது கெட்டால் எவை அழியும் என்பதையும் அறியத் தொடங்குவார். சிங்களத்திலும் இலத்தீனிலும் ஆங்கிலத்திலும் பெயர்பெற்ற அம்மீனுக்குத் தமிழிலும் ஒரு பெயர் வழங்கப்படுமாயின், ஒரு நாட்டின் நீரை அதன் மக்கள் யாவரும் தமதென உணர்வதற்கு அது ஒரு தொடக்கமாக அமையும்.